அந்த முகட்டுக்கு அந்தப் பெயர்தானா? மெட்டபோலோமிக்ஸில் சிறு மூலக்கூறுகளைச் சரியாக அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரிகளில் உள்ள சிறு மூலக்கூறுகளை மொத்தமாக அளக்கும் மெட்டபோலோமிக்ஸ் ஆய்வு முடிந்ததும் கைக்கு வரும் அட்டவணையில் பெயர்கள் வரிசையாக நிற்கும். குளுட்டமின், பைப்பகோலிக் அமிலம், பாராசாந்தின் என்று எல்லாமே ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்று, தூய பொருளை வாங்கி அதே கருவியில் ஓட்டிச் சரிபார்த்த பெயராக இருக்கலாம். அடுத்தது, நான்கு தசம இடங்கள் கொண்ட ஒரு நிறையைப் பார்த்து மென்பொருள் ஒட்டிவிட்ட ஊகமாக இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அட்டவணை காட்டாது.

பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் கருவி அல்ல, நாம் கேட்கும் கேள்விதான். கருவியின் வரைவில் எழும் ஒவ்வொரு சமிக்ஞையையும் முகடு என்கிறோம். "இந்த முகடு குளுட்டமினோடு பொருந்துகிறதா?" என்று கேட்டால் பதில் எளிதாக "ஆம்" என்று வரும். தரவுத்தளம் பெரிதாக இருந்தால் எந்த முகடும் எதனோடாவது பொருந்தும். கேட்க வேண்டியது வேறு: இதே அளவுக்குப் பொருந்தக்கூடிய வேறு பொருள்கள் எவை, அவற்றை எந்தச் சான்றை வைத்து விலக்கினோம்? கீழே உள்ள ஒவ்வொரு படியும் அப்படிச் சில போட்டியாளர்களை விலக்குவதற்கானது. பொருள்களைக் குழலில் நேரவாரியாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகையோடு இணைந்த, அயனிகளின் நிறையை அளக்கும் உயர்பிரிதிறன் நிறை நிறமாலைமானியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வாயு நிறப்பிரிகை இடையில் ஒருமுறை வரும்.

படி 1: எவ்வளவு உறுதி தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2007இல் மெட்டபோலோமிக்ஸ் தரநிலை முன்முயற்சி நான்கு மட்டங்களை வகுத்தது. முதல் மட்டம், உண்மையாகவே அடையாளம் காணப்பட்ட பொருள்: தூய ஸ்டாண்டர்டை (ஒப்பிட்டுப் பார்க்க வாங்கும் பொருள்) அதே ஆய்வகத்தில் அதே நிலைமைகளில் ஓட்டி, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகளாவது ஒத்துப்போக வேண்டும். நிறமாலை நூலகத்தோடு மட்டும் பொருந்தினால் இரண்டாம் மட்டம். பொருளின் வகை மட்டும் தெரிந்தால் மூன்றாம் மட்டம். நான்காவது, பெயரில்லாத முகடு. 2014இல் சுற்றுச்சூழல் வேதியியலாளர்கள் ஐந்து மட்டங்கள் கொண்ட இன்னொரு அளவுகோலைத் தந்தார்கள். அதில் மூலக்கூறு வாய்பாடு மட்டும் தெரிந்த நிலைக்கும், துல்லிய நிறை மட்டும் தெரிந்த நிலைக்கும் தனித்தனி இடம் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது அளவுகோல்தான் பிடிக்கும், ஏனென்றால் நடைமுறையில் பெரும்பாலான முகடுகள் அந்தக் கீழ்ப்படிகளில்தான் தேங்கி நிற்கின்றன.

எல்லா முகடுகளையும் முதல் மட்டத்துக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் கட்டுரையின் முடிவு எந்தப் பத்துப் பொருள்களின் மேல் நிற்கிறதோ, அவை முதல் மட்டத்தில் இருக்க வேண்டும். இதை ஆய்வின் தொடக்கத்திலேயே முடிவு செய்தால்தான் ஸ்டாண்டர்ட் வாங்கப் பணமும், மீண்டும் ஓட்ட மாதிரியும் மிஞ்சும்.

படி 2: கருவியிலிருந்தும் குழாயிலிருந்தும் வருவதை நீக்குங்கள்

மாதிரி இல்லாமல், மற்ற எல்லாப் படிகளையும் அப்படியே செய்து தயாரித்த வெற்று மாதிரி ஒன்று ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எருசமைடு நிறை 338.3417இலும், தாலேட் வகை மென்மையாக்கி 391.2843இலும், சிலோக்சேன் 445.1200இலும் தவறாமல் தலைகாட்டும். 44.0262 இடைவெளியில் ஏணிபோல் முகடுகள் நின்றால் அது பாலிஎத்திலீன் கிளைகால். வெற்று மாதிரியிலும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும் முகட்டுக்குப் பெயர் தேடுவது வீண் வேலை. எருசமைடு ஒரு கொழுப்பு அமில அமைடு என்பதால் தரவுத்தளம் அதை உயிரியல் பொருளாகவே காட்டும். நோயுற்றவர்களின் மாதிரிகளை ஒரு வகைக் குழாயிலும் மற்றவர்களுடையதை வேறு வகையிலும் சேகரித்திருந்தால் புள்ளியியலும் அதற்குத் தலையாட்டும்.

நிறைத் துல்லியத்தை பிபிஎம்மில் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) சொல்கிறோம்: அளந்த நிறையிலிருந்து கோட்பாட்டு நிறையைக் கழித்து, கோட்பாட்டு நிறையால் வகுத்து, பத்து இலட்சத்தால் பெருக்க வேண்டும். புரோட்டான் சேர்ந்த குளுட்டமின் 147.0764. உங்கள் கருவி 147.0771 என்று காட்டினால் பிழை 5 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு.

இங்கே சத்தமில்லாமல் நுழையும் ஒரு பிழை உண்டு. சொந்தமாக எக்செல் அட்டவணை போடுகிறவர்கள் மூலக்கூறு நிறையோடு ஹைட்ரஜன் அணுவின் நிறையான 1.00783ஐக் கூட்டிவிடுகிறார்கள். சேர்வது புரோட்டான், அதன் நிறை 1.00728. விடுபட்டது ஒரே ஒரு எலக்ட்ரான்தான், 0.00055. ஆனால் நிறை 130ஐ ஒட்டிய அயனியில் அது 4 பிபிஎம்முக்கு மேல். 5 பிபிஎம் வரம்பு வைத்துத் தேடுகிறவருக்கு, சரியான விடை வெளியே போய்த் தவறானது உள்ளே வர அதுவே போதும். பிழைகள் எல்லா முகடுகளிலும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், கருவியின் அளவுத்திருத்தத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்தே சந்தேகியுங்கள்.

படி 3: முகடுகளைக் குடும்பமாகச் சேர்த்த பிறகே பெயர் தேடுங்கள்

ஒரு பொருள் ஒரு முகட்டோடு நிற்பதில்லை. புரோட்டானோடு ஒன்று, சோடியத்தோடு ஒன்று (21.9819 அதிகம்), அம்மோனியத்தோடு ஒன்று (17.0265 அதிகம்), நீரை இழந்து ஒன்று (18.0106 குறைவு), இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கனமான ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை கூடிய வடிவம்) முகடு என்று பெருகும். ஒரே நேரத்தில் வெளிவந்து, ஒரே வடிவத்தில் ஏறி இறங்கி, மாதிரிக்கு மாதிரி ஒன்றாகவே கூடிக் குறையும் முகடுகளை ஒரே குடும்பமாகக் கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே தரவுத்தளத்துக்குப் போனால், சோடியம் ஒட்டிய அயனி ஒரு புதிய பொருளாகவும், நீர் இழந்த துண்டு இன்னொரு பொருளாகவும் பெயர் பெற்றுவிடும்.

எவ்வளவு எளிதில் ஏமாறலாம் என்பதை 130.0499இல் பார்க்கலாம். இது புரோட்டான் சேர்ந்த பைரோகுளுட்டமிக் அமிலத்தின் நிறை. குளுட்டமின் (147.0764) அயனியாக்கும் இடத்திலேயே அம்மோனியாவை இழந்தாலும் சரியாக 130.0499 வரும். குளுட்டமிக் அமிலம் (148.0604) நீரை இழந்தாலும் அதே 130.0499. மூன்று அயனிகளுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே என்பதால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் நிறையைக் கொண்டு இவற்றைப் பிரிக்காது. நேரம் பிரிக்கும். 130.0499இன் நேர வரைவைத் தனியே வரைந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முகடுகள் தெரியும். குளுட்டமின் வரும் அதே நொடியில் எழுவது குளுட்டமினின் துண்டு. குளுட்டமிக் அமிலத்தோடு எழுவது அதனுடையது. இரண்டோடும் சேராமல் தனியே நிற்பதுதான் மாதிரியில் இருந்த பைரோகுளுட்டமிக் அமிலம். அதிலும் ஒரு சிக்கல்: குளுட்டமின் நீர்க்கரைசலில் தானாகவே மெல்ல பைரோகுளுட்டமிக் அமிலமாக மாறும். தனியே நிற்கும் முகடு செல்லில் உருவானதா, நீங்கள் வைத்திருந்த குப்பியில் உருவானதா என்பதை மாதிரி காத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இதே கதை லைசினுக்கும் உண்டு. அம்மோனியாவை இழந்த லைசின் 130.0863, பைப்பகோலிக் அமிலமும் 130.0863. லைசின் வரும் நேரத்தில் பைப்பகோலிக் அமிலம் "கண்டுபிடிக்கப்பட்டிருந்தால்" கவனமாக இருங்கள்.

படி 4: மூலக்கூறு வாய்பாட்டை ஐசோடோப்பு உதவியோடு தீர்மானியுங்கள்

துல்லிய நிறை மட்டும் இருந்தால் வாய்பாடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு பிபிஎம்முக்கும் குறைவான துல்லியம்கூட இதற்குப் போதாது என்று கைண்டும் ஃபீனும் 2006இலேயே காட்டினார்கள். நிறை ஏற ஏற, சாத்தியமான வாய்பாடுகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். ஐசோடோப்பு முகடுகளின் உயர விகிதம் அவற்றில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளும். ஒவ்வொரு கார்பனுக்கும் முதல் கன முகடு ஏறக்குறைய 1.1 சதவீதம் உயரும். அது தாய் முகட்டில் 20 சதவீதம் இருந்தால் கார்பன்கள் 18ஐ ஒட்டி இருக்கலாம். கந்தகம் இருந்தால் 1.9958 தள்ளி 4 சதவீதத்துக்குச் சற்று மேலான முகடு ஒன்று எழும். குளோரின் என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புரோமின் என்றால் இரண்டும் சம உயரம். இந்த மூன்றும் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

முகடு சிறியதாக இருந்தால் இந்த விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆர்பிட்ராப் வகைக் கருவிகள் வலுவற்ற ஐசோடோப்பு முகடுகளை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். கார்பன் எண்ணிக்கை குறைவாகத் தோன்றும். அதே பொருள் அதிகமாக உள்ள வேறொரு மாதிரியில் அளப்பது நல்லது.

படி 5: எந்தத் தரவுத்தளத்தில் தேடுகிறீர்கள் என்பதும் ஒரு முடிவுதான்

பப்கெம் என்ற பொது வேதியியல் தரவுத்தளத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உண்டு. அதில் தேடினால் விடை உள்ளே இருக்கும், ஆனால் நூற்றுக்கணக்கான போட்டியாளர்களோடு. ஹெச்எம்டிபி போன்ற மனித உயிரியல் தரவுத்தளத்தில் தேடினால் பட்டியல் குறுகும், ஆனால் உண்மையான விடை அதில் இல்லாவிட்டால் இருப்பதில் நெருங்கியதை எடுத்துக்கொண்டு திருப்தியடைவோம். சிறியதில் தொடங்கி, கிடைத்த வாய்பாட்டை வைத்துப் பெரியதிலும் ஒருமுறை தேடி, எத்தனை போட்டியாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்வதே என் வழக்கம். ஹெச்எம்டிபியில் ஒன்றே ஒன்று வந்தது என்பதை அடையாளமாக எண்ணிவிடக் கூடாது.

படி 6: துண்டு நிறமாலையைக் கண்ணால் பாருங்கள்

அயனியை உடைத்து எடுக்கும் எம்எஸ்/எம்எஸ் நிறமாலைதான் கட்டமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் முதல் சான்று. மாஸ்பேங்க், மெட்லின், ஜிஎன்பிஎஸ் போன்ற நூலகங்களோடு ஒப்பிட்டு மென்பொருள் ஒரு மதிப்பெண் தரும். 0.7 என்ற கொசைன் மதிப்பெண்ணும் (இரண்டு நிறமாலைகளின் ஒற்றுமை; 1 என்றால் முழுப் பொருத்தம்) ஆறு பொதுத் துண்டுகளும் பரவலாகப் பயன்படும் வரம்பு. அது ஒரு வசதிக்கான கோடு. அதைத் தாண்டிய எல்லாம் சரி, தாண்டாத எல்லாம் தவறு என்று பொருள் இல்லை. ஒரே ஒரு பெரிய துண்டு மட்டும் உள்ள நிறமாலைகள், அந்தத் துண்டு ஒத்தாலே 0.95 வாங்கிவிடும். நீரை இழப்பது போன்ற பொதுவான உடைவு என்றால் அந்த 0.95க்கு மதிப்பே இல்லை. போலி நிறமாலைகளைக் கலந்து தேடி, தவறான பொருத்தங்களின் விகிதத்தைக் கணிக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. ஆயிரக்கணக்கான நிறமாலைகள் உள்ள ஆய்வில் வரம்பை அப்படித் தீர்மானிப்பதே நியாயம்.

மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, இரண்டு நிறமாலைகளையும் மேலும் கீழுமாக வைத்து நீங்களே பாருங்கள். உங்கள் நிறமாலையில் உயரமாக நின்று நூலகத்தில் இல்லாத முகடு ஏதேனும் உண்டா? கருவி உடைப்பதற்காக அயனியைப் பிடிக்கும் சன்னல் பொதுவாக ஒரு அலகு அகலமாவது இருக்கும். அதே நேரத்தில் வரும் பக்கத்து அயனியும் சேர்ந்து உடைந்திருக்கலாம். அடுத்து, நூலக நிறமாலை எந்த மோதல் ஆற்றலில் (அயனியை உடைக்கத் தரும் ஆற்றல்) எடுக்கப்பட்டது? 10இல் எடுத்ததும் 40இல் எடுத்ததும் ஒரே பொருளுக்கே வேறுபட்ட முகம் காட்டும். சோடியம் ஒட்டிய அயனியின் நிறமாலையைப் புரோட்டான் ஒட்டியதன் நிறமாலையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

லியூசினும் ஐசோலியூசினும் நல்ல பாடம். இரண்டுக்கும் 132.1019. உடைத்தால் இரண்டிலும் 86.0964 ஓங்கி நிற்கும்; கொசைன் மதிப்பெண் இரண்டுக்கும் உயர்வாகவே வரும். வேறுபாடு, ஐசோலியூசினில் கூடுதல் வலுவோடு வரும் 69.0699இல் இருக்கிறது. மதிப்பெண் அந்தச் சிறு முகட்டைப் பொருட்படுத்தாது, கண் பொருட்படுத்தும். இரண்டும் கலந்து ஒரே நேரத்தில் வந்தால் கண்ணாலும் முடியாது. அப்போது நிறப்பிரிகையைத்தான் மேம்படுத்த வேண்டும். நீரோடு ஒட்டாத பொருள்களை அதிகம் பிடித்துவைக்கும் சாதாரண எதிர்நிலைக் குழலில் ஐசோலியூசின் முந்தி வரும்.

நூலகத்தில் இல்லாத பொருளுக்கு சிரியஸ், சிஎஸ்ஐ:ஃபிங்கர்ஐடி, மெட்ஃபிராக் போன்ற கணினிக் கருவிகள் உண்டு. துண்டுகளிலிருந்து வாய்பாட்டையும் கட்டமைப்பின் கூறுகளையும் ஊகித்து அவை ஒரு தரவரிசை தரும். அந்த வரிசையில் முதலிடம் பெற்றதை விடையாக எழுதுவது தவறான பழக்கம். முதல் ஐந்தையும் பாருங்கள்: ஐந்திலும் ஒரே வளையமும் ஒரே சர்க்கரையும் இருந்தால், பொருளின் வகையைப் பற்றி உறுதியாகவே ஏதோ தெரிந்திருக்கிறது. மூன்றாம் மட்டம் என்று எழுதுங்கள்.

படி 7: ஸ்டாண்டர்டை ஓட்டுங்கள்

இதற்கு மாற்று இல்லை. அதே குழல், அதே கரைப்பான், முடிந்தால் அதே நாள். தங்கும் நேரம் (குழலிலிருந்து வெளிவர ஆகும் நேரம்), துல்லிய நிறை, துண்டு நிறமாலை மூன்றும் ஒத்தால் முதல் மட்டம். வேறு ஆய்வகத்தின் தங்கும் நேரத்தைக் கடன் வாங்கக் கூடாது. கரைப்பானின் அமிலத்தன்மையும் குழலின் வயதும் நேரத்தை நகர்த்தும்.

தனியாக ஓட்டிய ஸ்டாண்டர்ட் 5.42 நிமிடத்திலும் மாதிரியின் முகடு 5.49இலும் வந்தால் என்ன செய்வது? மாதிரியில் உள்ள உப்பும் புரதமும் நேரத்தைத் தள்ளியிருக்கலாம். அது வேறு பொருளாகவும் இருக்கலாம். ஸ்டாண்டர்டை மாதிரிக்குள்ளேயே கலந்து ஓட்டினால் தெரிந்துவிடும். மாதிரியில் உள்ள அளவுக்கு ஏறத்தாழச் சமமாகச் சேருங்கள். முகடு வடிவம் மாறாமல் உயர்ந்தால் ஒரே பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ஒரு தோள் முளைத்தால் இரண்டும் வேறு. அளவுக்கு மீறிச் சேர்த்தால் பெரிய முகடு சிறியதை விழுங்கிவிடும், தோள் தெரியாது.

ஒரு குழலில் ஒத்தது இன்னொரு வகைக் குழலிலும் ஒத்தால் நம்பிக்கை பல மடங்கு கூடும். எதிர்நிலையும், நீரை விரும்பும் பொருள்களைப் பிடித்துவைக்கும் ஹிலிக் குழலும் பொருள்களைப் பிரிக்கும் காரணமே வேறு. இரண்டிலும் தற்செயலாக ஒன்றிப்போவது அரிது. அயனி நகர்வு முறையில் கிடைக்கும், அயனியின் அளவையும் வடிவையும் காட்டும் மோதல் குறுக்குவெட்டுப் பரப்பும் உதவும், ஆனால் அது நிறையோடு சேர்ந்தே ஏறுவதால் நிறையைச் சாராத சான்றாக முழுமையாகக் கணக்கிட முடியாது.

வாயு நிறப்பிரிகையில் வேலை சற்று எளிது. 70 எலக்ட்ரான் வோல்ட்டில் எடுக்கும் நிறமாலைகள் கருவிக்குக் கருவி பெரிதும் மாறுவதில்லை. ஆல்கேன்களை வைத்துக் கணக்கிடும் கோவாட்ஸ் குறியீடு தங்கும் நேரத்தையும் ஆய்வகங்களுக்கிடையே எடுத்துச் செல்லத் தக்கதாக்குகிறது. அங்குள்ள தொல்லை வேறு: பொருள் ஆவியாவதற்காக வேதிமாற்றம் செய்யும்போது ஒரே குளுக்கோஸ் இரண்டு முகடுகளாகப் பிரியும், ஒரே அமினோ அமிலம் வெவ்வேறு எண்ணிக்கையில் சிலில் தொகுதிகளை ஏற்கும்.

படி 8: மாற்றியங்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள்

ஸ்டாண்டர்ட் ஒத்துப்போன மகிழ்ச்சியில் எல்லோரும் மறப்பது, அதன் மாற்றியங்களையும் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு கொண்டவை) ஓட்டிப் பார்ப்பதை. காஃபினிலிருந்து உடலில் உருவாகும் தியோபுரோமின், தியோஃபிலின், பாராசாந்தின் மூன்றுக்கும் 181.0720. உடைத்தால் தியோபுரோமின் 138இல் துண்டு தந்து விலகிக்கொள்ளும். மற்ற இரண்டும் 124ஐத் தரும், குழலிலும் நெருங்கியே வரும். தியோஃபிலின் ஸ்டாண்டர்ட் மட்டும் வாங்கி வைத்திருக்கும் ஆய்வகம் மனித இரத்தத்தில் தியோஃபிலினையே காணும். உண்மையில் மனிதரில் காஃபின் சிதைவின் பெரும்பகுதி பாராசாந்தின்.

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடவல மாற்றியங்கள் இன்னும் கடினமானவை. 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்டின் டி வடிவம், ஐடிஹெச்1 மரபணு மாறிய மூளைக் கட்டிகளில் குவிவதாக 2009இல் அறியப்பட்டது. எல் வடிவம் ஆக்சிஜன் குறைந்த செல்களில் உயரும். மருத்துவப் பொருள் முற்றிலும் வேறு. நிறை, துண்டுகள், சாதாரணக் குழலில் நேரம் எல்லாம் ஒன்றே. இடவலத்தைப் பிரித்தறியும் கைரல் குழலோ, டயசிட்டைல் டார்டாரிக் அன்ஹைட்ரைடு போன்ற கைரல் வினைபொருளோ இல்லாமல் பிரியாது. பிரிக்காதவர் "2-ஹைட்ராக்சிகுளுட்டரேட்" என்று எழுதி நிறுத்த வேண்டும், "டி" என்ற எழுத்தைச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லை.

படி 9: அது அங்கே இருக்க முடியுமா?

சுருக்கமாகவே சொல்லலாம். செல் வளர்ப்பில் தாவர ஆல்கலாய்டு வந்தாலும், எலியின் கல்லீரலில் யாரும் கொடுக்காத மருந்து வந்தாலும் மறுபடி படி 3க்குப் போங்கள். ஆனால் இந்த வாதத்தை எதிர்த்திசையில் பயன்படுத்தாதீர்கள். "இந்த வழித்தடத்தில் இது இருக்க வேண்டும், ஆகவே இந்த முகடு அதுதான்" என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயர்களைக் கொண்டே அந்த வழித்தடம் மாறியிருப்பதாக நிரூபிப்பது வட்டத்தில் நடப்பது.

படி 10: உறுதியின் அளவு தெரியும்படி எழுதுங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மட்டம், எந்த ஒட்டு அயனி (புரோட்டானா, சோடியமா), பிபிஎம் பிழை, ஸ்டாண்டர்டோடு நேர வேறுபாடு, நூலகத்தின் பெயர், மதிப்பெண், மோதல் ஆற்றல் ஆகியவை இருக்கட்டும். எந்த மட்ட அளவுகோல் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றின் மூன்றாம் மட்டம் மற்றொன்றின் மூன்றாம் மட்டம் அல்ல. பிரிக்க முடியாததை "லியூசின்/ஐசோலியூசின்" என்றே எழுதலாம். கொழுப்புப் பொருள் ஆய்வாளர்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள்: மொத்தக் கார்பன், இரட்டைப் பிணைப்பு எண்ணிக்கைகள் மட்டும் தெரிந்தால் பிசி (பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பு) 34:1, இரண்டு கொழுப்பு அமிலங்களும் தெரிந்து அவற்றின் இடம் தெரியாவிட்டால் பிசி 16:0_18:1, இடமும் தெரிந்தால் நடுவில் அடிக்கோட்டுக்குப் பதில் சாய்கோடு. கட்டமைப்பைக் குறிக்கும் எழுத்துக் குறியீடான இன்ச்சி சாவி தருவதாக இருந்தால், இடவல அமைப்பு தெரியாதபோது முதல் 14 எழுத்துகளோடு நிறுத்துங்கள். மீதி எழுத்துகள் உங்களிடம் இல்லாத தகவலைச் சொல்லிவிடும்.

மூலத் தரவுகளை மெட்டபோலைட்ஸ் (MetaboLights) அல்லது மெட்டபோலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் போன்ற பொதுக் களஞ்சியத்தில் இடும்போது, பெயர் கிடைக்காத முகடுகளையும் அவற்றின் நிறை, நேரம், துண்டு நிறமாலையோடு சேர்த்தே இடுங்கள். நூலகங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, இன்று நான்காம் மட்டத்தில் நிற்கும் ஒரு முகட்டுக்கு நாளை வேறொருவர் உங்கள் கோப்பிலிருந்தே பெயர் கண்டுபிடிக்கலாம். தவறாக ஒட்டிய பெயர் ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தால் அவர் அந்த முகட்டைத் திறந்தே பார்க்கமாட்டார்.